கெப்சூலின் தோல்: ஜெலட்டினுக்கு மாற்றுத் தேடிய கதை

நோன்புக்குக் கொஞ்சம் முந்தி ஒரு நாள், ஊர்ப் பாமசியில் மருந்துத் துண்டோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு மூத்தம்மா. மஞ்சள் நிறத்தில் கண்ணாடி போல மினுங்கும் மீனெண்ணெய்க் கெப்சூல் ஒன்றை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், கவுண்டரில் நின்ற பொடியனிடம் கேட்டார்:

"மகன், உள்ளுக்க இரிக்கிறது மீனெண்ணெய். அது விளங்குது. இந்தத் தோலு என்னத்தால செஞ்ச?"

பொடியன் பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். 'ஜெலட்டின்' என்று மட்டும் போட்டிருந்தது. எந்தப் பிராணியின் ஜெலட்டின் என்று இல்லை.

"தெரியா உம்மா. எல்லாரும்தான் வாங்குறாங்க."

"எல்லாரும் வாங்குறது எனக்குப் பதிலில்லையே மகன்" என்று சொல்லிவிட்டு, கெப்சூலை மேசையில் வைத்துவிட்டு மூத்தம்மா போய்விட்டார்.

மார்க்கத் தீர்ப்புக் கேட்டால் உலமாக்கள் சொல்வார்கள். மருந்தின் குணம் கேட்டால் வைத்தியர் சொல்வார். ஆனால் அந்தத் தோல் எப்படி வந்தது, அதற்கு மாற்று இருக்கிறதா, இருந்தால் எப்போதிருந்து இருக்கிறது என்ற கதையை எமது சமூகத்தில் யாரும் ஒழுங்காகச் சொல்லிக் கேட்டதில்லை. இந்தக் கதை தெரியாமல் தீர்ப்பின் முக்கியமான ஒரு நிபந்தனையை விளங்க ஏலாது என்பது என் எண்ணம். "வேறு வழி இல்லாவிட்டால்" என்பதே அந்த நிபந்தனை. வேறு வழி இருக்கிறதா இல்லையா என்பதை வரலாறும் தொழில்நுட்பமும்தான் சொல்ல வேண்டும்.

பாரிஸில் பிறந்த கூடு

ஜெலட்டின் கெப்சூல் 1834ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்தது. மருந்தியல் மாணவரான பிரான்ஸ்வா மொத் என்பவரும் ஜோசப் டுப்லாங் என்ற மருந்தாளரும் அந்த ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். காரணம் கசப்புத்தான். அக்காலத்தில் மேகவெட்டை நோய்க்குக் கொபைபா என்ற தென்னமெரிக்க மரமொன்றின் பிசினைக் கொடுத்தார்கள். அதன் நாற்றமும் ருசியும் தாங்க முடியாதவை. நோயாளி வாயில் வைத்ததும் துப்பிவிடுவார். அதை ருசி தெரியாமல் விழுங்க வைக்க ஓர் உறை தேவைப்பட்டது.

அவர்கள் செய்த முறை இன்று கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். சிறிய தோல் பையொன்றில் பாதரசத்தை நிரப்பி, அதை வெதுவெதுப்பான ஜெலட்டின் கரைசலில் முக்கி எடுப்பார்கள். மேலே படிந்த ஜெலட்டின் காய்ந்ததும் பாதரசத்தை ஊற்றிவிட்டால் பை சுருங்கிவிடும்; அதை மெல்ல உருவி எடுத்தால் வெற்றுக் கூடு மிஞ்சும். அந்தக் கூட்டுக்குள் மருந்தை விட்டு, வாயை ஒரு துளி ஜெலட்டினால் அடைத்துவிடுவார்கள். ஒவ்வொன்றும் கைவேலை.

வியாபாரம் பிடித்தது. காப்புரிமை மொத்தின் கையில் இருந்ததால் மற்றவர்கள் சுற்றுவழி தேடினார்கள். 1846இல் லெஹூபி என்ற பாரிஸ் மருந்தாளர், ஒன்றின் மேல் ஒன்று மூடி போலப் பொருந்தும் இரண்டு துண்டுக் கெப்சூலுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நாம் அன்டிபயோட்டிக் மருந்துகளில் காணும் கடினக் கெப்சூலின் முன்னோடி அதுதான். வேறு சிலர் பொருளையே மாற்றிப் பார்த்தார்கள். ராக்கேன் என்பவரின் பெயரில் விற்ற கெப்சூல்களின் உறை கோதுமைப் பசையால் ஆனது. 1870களில் லிமூசான் என்பவர் மாவால் செய்த மெல்லிய தகடுகளுக்கிடையே தூள் மருந்தை அடைத்துக் கொடுத்தார்.

ஆகவே, தாவர உறை இன்று நேற்று வந்த யோசனை இல்லை. ஜெலட்டின் கெப்சூலுக்கும் அதற்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. ஆனால் அன்றைய தேடலுக்குப் பின்னால் மார்க்கமும் இருக்கவில்லை, மரக்கறி உணவுக் கொள்கையும் இருக்கவில்லை. வியாபாரப் போட்டிதான் இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்வோம்; கதையின் பின்பகுதியிலும் இதே காரணம் திரும்பி வரும்.

நிலவறையில் ஓர் இயந்திரம்

நூறு ஆண்டுகள் கழித்து, கதை அமெரிக்காவின் டெட்ரோயிட் நகருக்குப் போகிறது. அப்போது வைட்டமின்கள் கண்டறியப்பட்டு, மீன் ஈரல் எண்ணெயின் பெருமை உலகெங்கும் பரவியிருந்த காலம். எமது மூத்தவர்கள் பலர் அதைக் கரண்டியில்தான் குடித்தார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்த கதையை இன்றும் சொல்வார்கள். எண்ணெயை ருசி தெரியாமல், சரியான அளவில், காற்றுப் படாமல் அடைக்க ஏலுமானால் பெரிய சந்தை காத்திருந்தது. ஆனால் அன்றைய மென்கெப்சூல் இயந்திரங்கள் தட்டுகளுக்கிடையே வைத்து அழுத்துபவை. மருந்தும் வீணாகும், அளவும் ஒன்றுபோல வராது.

றொபர்ட் போலி ஷேரர் என்ற இளம் பொறியியலாளர் தன் பெற்றோர் வீட்டின் நிலவறையில் இதற்கு விடை தேடினார். 1933இல் அவருடைய சுழல் அச்சு இயந்திரம் தொழிலுக்கு வந்தது. முறை இதுதான்: ஜெலட்டினை இரண்டு நீண்ட நாடாக்களாக ஓட விடுவது, அவை எதிரெதிரே சுழலும் இரண்டு உருளைகளுக்கிடையே வந்து சேரும், உருளைகளில் அரைக் கெப்சூல் வடிவக் குழிகள் இருக்கும், நாடாக்கள் சந்திக்கும் அதே கணத்தில் நடுவிலிருந்து அளந்த எண்ணெய் பாயும், ஓரங்கள் இலேசான சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டிக்கொள்ள, நிரம்பி மூடிய கெப்சூல் கீழே விழும். கூடு செய்வதும் நிரப்புவதும் மூடுவதும் ஒரே நேரத்தில் முடிந்துவிடும்.

அந்த முதல் இயந்திரம் இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நூதனசாலையில் இருக்கிறது. மூத்தம்மாவின் உள்ளங்கையில் இருந்த மஞ்சள் கெப்சூல், வடிவமைப்பில் அந்த இயந்திரத்தின் பேரப்பிள்ளைதான்.

இந்த முறை முழுவதும் ஜெலட்டினின் ஒரு குணத்தின் மேல் நிற்கிறது. நாற்பது பாகை செல்சியஸ் அளவுச் சூட்டில் அது தன்னோடு தானே ஒட்டும், ஆறினால் உறுதியாகும், வயிற்றுக்குள் போனால் உடற்சூட்டில் இளகும். மெல்லிய தோலாக இருந்தாலும் கிழியாது. காற்றையும் இலகுவில் உள்ளே விடாது. அதோடு கிளிசரினோ சோர்பிட்டோலோ சேர்த்தால் தோல் வளைந்து கொடுக்கும். ஒரே பொருளில் இத்தனை குணங்கள் சேர்ந்திருப்பது அரிது. மாற்றுத் தேடியவர்கள் அடுத்த எழுபது ஆண்டுகள் முட்டிக்கொண்டது இந்தச் சுவரில்தான்.

தோலும் எலும்பும்

ஜெலட்டின் இயற்கையில் அப்படியே கிடைப்பதில்லை. பிராணிகளின் தோலிலும் எலும்பிலும் தசைநாரிலும் கொலாஜன் என்ற புரதம் இருக்கிறது. மூன்று இழைகள் கயிறு போல முறுக்கிக்கொண்ட வடிவம் அது. அமிலத்திலோ சுண்ணாம்பிலோ ஊறவைத்து, பிறகு வெந்நீரில் காய்ச்சினால் முறுக்குத் தளர்ந்து இழைகள் பிரியும். அந்தக் கரைசலை வடித்து உலர்த்தினால் ஜெலட்டின்.

மாட்டுத் தோலையும் எலும்பையும் பெரும்பாலும் சுண்ணாம்பு முறையில் செய்வார்கள். அதற்கு வாரக்கணக்கில் காலம் போகும். பன்றித்தோலுக்கு அமில முறை. ஊறவைக்கும் வேலை ஒரு நாள் அளவில் முடிந்துவிடும். இறைச்சித் தொழிலின் கழிவாகத் தோல் மலிவாகவும் கிடைக்கிறது. உலகில் தயாராகும் ஜெலட்டினில் பன்றித்தோலின் பங்கு இவ்வளவு பெரிதாக இருப்பதற்கு இந்தக் கணக்கு ஒரு முக்கிய காரணம். முஸ்லிம்களை மனதில் வைத்தோ அவர்களுக்கு எதிராகவோ யாரும் எடுத்த முடிவு இல்லை இது. நாம் அந்தக் கணக்கிலேயே இருக்கவில்லை.

பொதுவாக லேபலில் 'ஜெலட்டின்' என்றுதான் இருக்கும். பன்றியா, மாடா, மாடென்றால் அறுத்த மாடா என்பது தெரியாது. ஹலால் முறையில் அறுத்த மாட்டின் ஜெலட்டினும் மீன் ஜெலட்டினும் சந்தையில் இருக்கின்றன. ஆனால் பெட்டியைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க ஏலாது.

உலமாக்களின் மேசையில்

இந்தக் கேள்வி உலமாக்களின் மேசைக்கு வந்தபோது இரண்டு பாதைகள் தெரிந்தன.

ஒன்று இஸ்திஹாலா, அதாவது ஒரு பொருள் முற்றாக வேறொரு பொருளாக மாறிவிடுவது. உப்பளத்தில் விழுந்து செத்த கழுதை காலப்போக்கில் உப்பாகவே மாறிவிட்டால் அந்த உப்புக்கு என்ன சட்டம் என்று பழைய பிக்ஹு நூல்களில் ஓர் உதாரணம் வரும். ஹனபி மத்ஹபில் அது உப்புத்தான், சுத்தமானது. எமது நாட்டில் பெரும்பான்மையாகப் பின்பற்றப்படும் ஷாபிஈ மத்ஹப் இதில் இறுக்கமானது. மது தானாகவே வினாகிரியாக மாறுவது, செத்த பிராணியின் தோலைப் பதனிடுவது போன்ற குறிப்பிட்ட சில இடங்களில் மட்டுமே மாற்றம் சுத்தமாக்கும் என்று அது கொள்கிறது. பதனிடுவதிலும் பன்றியும் நாயும் விலக்கு.

இரண்டாவது பாதை ளரூரத், அதாவது நிர்ப்பந்தம். சுத்தமான மருந்து கிடைக்காதபோது நஜீஸான பொருளால் மருத்துவம் செய்யலாமா என்ற கேள்வி. இமாம் நவவி தமது 'அல்மஜ்மூஃ' நூலில் ஷாபிஈ அறிஞர்களின் நிலைப்பாட்டை எடுத்துச் சொல்லும்போது, அதன் இடத்தை நிரப்பக்கூடிய சுத்தமான ஒன்று இல்லாதபோதுதான் அனுமதி என்ற நிபந்தனையை வைக்கிறார்.

இக்காலத்தில் இரண்டு கூட்டுத் தீர்ப்புகள் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகின்றன. 1986 ஒக்டோபரில் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகடமி, பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டினை உணவில் பயன்படுத்துவது கூடாது, தாவரங்களிலிருந்தும் முறையாக அறுத்த பிராணிகளிலிருந்தும் எடுப்பதே போதுமானது என்று முடிவு சொன்னது. 1995 மே மாதம் குவைத்தில் இஸ்லாமிய மருத்துவ விஞ்ஞான அமைப்பு நடத்திய கருத்தரங்கில் உலமாக்களும் மருத்துவர்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் கூடினார்கள். அங்கே முடிவு வேறு விதமாக வந்தது: அசுத்தமான பிராணியின் தோல், எலும்பு, தசைநார் ஆகியவை மாறி உருவான ஜெலட்டின் சுத்தமானது, உண்ணலாம். 2001இல் உலக சுகாதார அமைப்பின் கிழக்கு மத்தியதரைப் பிராந்திய அலுவலகம் இந்த முடிவைக் கடிதமாக வெளியிட்டது. அந்தக் கடிதம் இன்றும் கைக்குக் கை மாறுகிறது.

இரண்டு தீர்ப்பையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சண்டை மார்க்கத்தில் மட்டும் இல்லை, இரசாயனத்திலும் இருக்கிறது என்பது தெரியும். கொலாஜன் முற்றாக மாறிவிட்டதா? முறுக்கு அவிழ்ந்தது உண்மை. ஆனால் இழைகளுக்குள் அமினோ அமிலங்கள் கோத்திருக்கும் வரிசை பெருமளவு அப்படியே இருக்கிறது. அதனால்தான் இன்றைய ஆய்வுகூடங்கள் ஜெலட்டினில் எஞ்சியிருக்கும் டி.என்.ஏ. துணுக்குகளையோ புரதத் துண்டுகளையோ வைத்து, இது பன்றி, இது மாடு என்று பிரித்துச் சொல்கின்றன. கழுதை உப்பான பிறகு அதில் கழுதையைத் தேடிக் கண்டுபிடிக்க ஏலாது. ஜெலட்டினில் பன்றியைக் கண்டுபிடிக்க ஏலும். இஸ்திஹாலாவை ஏற்காதவர்களின் கையில் இது வலுவான ஆதாரம். மறுபக்கத்தாரோ, பெயரும் தோற்றமும் குணமும் மாறிவிட்டன, சட்டம் அவற்றைத்தான் பார்க்கும், நுணுக்குக்காட்டிக்குள் தெரிவதைப் பார்க்காது என்று வாதிடுகிறார்கள். தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. ஆனால் இஸ்திஹாலாவின் கதவு ஒருவருக்கு மூடியிருந்தால், அவருக்கு மிஞ்சுவது ளரூரத்தின் கதவு மட்டுமே. அந்தக் கதவோ, மாற்று இல்லாதவரைதான் திறந்திருக்கும்.

எனவே மாற்றின் கதைக்கு வருவோம்.

கடப்பாசி ஏன் கெப்சூலாகவில்லை?

கடினக் கெப்சூலுக்கு விடை முதலில் கிடைத்தது. மரக்கூழிலும் பஞ்சிலும் உள்ள செலுலோஸிலிருந்து எடுக்கும் எச்.பி.எம்.சி. என்ற பொருளால் செய்த இரு துண்டுக் கூடுகள் 1990களில் பரவின. இரண்டு துண்டையும் தனித்தனியே செய்து, நிரப்பி, மூடினால் போதும் என்பதால் அங்கே ஒட்டும் பிரச்சினை இல்லை. ஆனால் மென்கெப்சூலுக்கு அது உதவவில்லை. ஜெலட்டின் கரைசல் ஆறினால் உறையும்; எச்.பி.எம்.சி. கரைசல் நேர்மாறாகச் சூடேறினால் உறையும். ஷேரரின் இயந்திரத்துக்குத் தேவையானபடி நாடாவாக ஓடி, இலேசான சூட்டில் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் வேலையை அதனிடம் எதிர்பார்க்க ஏலாது.

அப்படியானால் கடற்பாசி? எமது வீடுகளுக்கு இது புதுப் பொருள் இல்லை. நோன்பு துறக்கும் தட்டில் பேரீச்சம்பழத்துக்கும் கஞ்சிக்கும் பக்கத்தில் சதுரம் சதுரமாக வெட்டிய கடப்பாசி இல்லாத ஊர் குறைவு. எமது கடலுக்கும் இதில் பழைய பெயர் உண்டு. புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் இடையிலுள்ள களப்பில் விளைந்த ஒரு செம்பாசி, 'சிலோன் மொஸ்' என்ற பெயரில் உலகச் சந்தைக்குப் போனது. தென்மேல் பருவக்காற்றில் தண்ணீர் கலங்கும்போது பிடுங்குண்டு வரும் பாசியைச் சேர்த்து, பாயில் பரப்பிக் காயவைத்து, நன்னீரில் பல தடவை கழுவி, மறுபடியும் வெயிலில் போட்டு வெளுக்க வைத்து ஏற்றுமதி செய்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் கல்கத்தாவில் பணியாற்றிய டொக்டர் ஓஷாக்னசி இதை ஐரோப்பிய மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்னார். 1868இல் வெளியான இந்திய மருந்துத் தொகுப்பு நூலிலும் இது இடம்பெற்றது. நோயாளிகளுக்கு இலேசான கஞ்சியாகவும் உறைகூழாகவும் கொடுத்தார்கள்.

ஆனால் அந்தப் பாசியில் இருப்பது அகர். அகர் ஏன் கெப்சூலாகவில்லை என்பதை விளங்க ஆய்வுகூடம் தேவையில்லை, அடுப்படி போதும். கடப்பாசியை நன்றாகக் கொதிக்க வைத்தால்தான் கரையும். நாற்பது பாகைக்குக் கீழே வந்ததும் உறையும். ஆனால் உறைந்த பிறகு மறுபடியும் உருக்க எண்பது பாகைக்கு மேல் சூடு வேண்டும். அதனால்தான் எங்கள் பங்குனி வெயிலிலும் கடப்பாசி தட்டில் நிமிர்ந்து நிற்கிறது. பக்கெட்டில் வாங்கிக் கரைக்கும் ஜெலட்டின் ஜெலியோ மேசையிலேயே தண்ணீராகிறது. இரண்டு துண்டுக் கடப்பாசியை ஒட்டிவைத்து இலேசாகச் சூடு காட்டினால் அவை ஒன்றாகாது, வளைத்தால் முறியும். உண்பதற்கு நல்ல குணம்தான். ஆனால் உருளைகளுக்கிடையே ஓடி, ஒட்டி, வளைய வேண்டிய நாடாவுக்கு இது ஆகாது.

விடை கிடைத்தது அகரின் ஒன்றுவிட்ட சகோதரியிடம். அயர்லாந்துக் கரையோர மக்கள் எங்களைப் போலவே ஒரு செம்பாசியைப் பாலில் காய்ச்சி உறையவைத்து உண்டு வந்தார்கள். அந்தப் பாசிக்கு அவர்கள் வைத்த பெயரிலிருந்துதான் கராகீனன் என்ற சொல் வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் அகர் சந்தைக்கு வராமல் போனபோது, அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு கராகீனன் தொழில் வளர்ந்தது. கராகீனனில் பல வகை உண்டு. கப்பா வகை கடப்பாசி போல இறுகி முறியும். அயோட்டா வகை றப்பர் போல நெகிழ்ந்து கொடுக்கும்.

1986இல் பிரித்தானியாவில் மாடுகளுக்கு வந்த மூளை நோய் அடையாளம் காணப்பட்டது. 1996 மார்ச்சில் அது மனிதரையும் தொற்றியிருக்கக்கூடும் என்று அந்நாட்டு அரசு அறிவித்ததும், மாட்டுப் பொருள்கள் அனைத்தின் மீதும் பயம் எழுந்தது. ஜெலட்டினும் தப்பவில்லை. மேற்கு நாடுகளில் மரக்கறி உணவுக்காரர்களின் சந்தையும் வளர்ந்துகொண்டிருந்தது. தேடல் வேகமெடுத்தது. 2002இல் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை வழங்கப்பட்டது: அயோட்டா கராகீனனையும் பதப்படுத்திய மாவுப்பொருளையும் சேர்த்துச் செய்த மென்கெப்சூல் தோல். கராகீனன் நெகிழ்வைக் கொடுத்தது; மாவுப்பொருள் உடலைக் கொடுத்தது. இரண்டும் சேர்ந்த நாடா, முழுதாக உருகி ஓடுவதற்கு முன்பே ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. எழுபது ஆண்டுச் சுவர் அங்கே உடைந்தது.

அந்தக் காப்புரிமையைப் பெற்றது யார் தெரியுமா? 1933இல் ஜெலட்டின் இயந்திரத்தோடு ஷேரர் தொடங்கிய அதே கம்பனியின் வழிவந்த நிறுவனம். பிறகு உருளைக்கிழங்கு மாவால் செய்த தோல்களும் வேறு கலவைகளும் சந்தைக்கு வந்தன.

பாசி வளர்க்கும் கைகள்

இந்தக் கதையில் நான் எதிர்பாராத ஒரு திருப்பம் இருந்தது. இந்த மாற்றின் மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனபோது, திரும்பத் திரும்ப முஸ்லிம்கள் வாழும் கரைகளிலேயே போய் நின்றேன்.

கராகீனன் பாசியைக் காட்டுப் பாசியாகப் பொறுக்கியெடுப்பதை விட்டு, கயிற்றில் கட்டி வளர்க்கும் முறை 1970களின் தொடக்கத்தில் தென் பிலிப்பைன்ஸின் சூலுக் கடலில் வேரூன்றியது. ஹவாய் பல்கலைக்கழகத்தின் மக்ஸ்வெல் டோட்டி என்ற பாசியியல் அறிஞரின் ஆய்வு அதற்கு வழிகாட்டியது. சூலுவும் தாவித்தாவியும் முஸ்லிம் பெரும்பான்மைத் தீவுகள். இன்று இந்தப் பாசி வகைகளை உலகில் மிக அதிகமாக விளைவிப்பது இந்தோனேசியா. 1989 முதல் ஸன்ஸிபாரிலும் வியாபாரப் பயிராகப் பாசி வளர்க்கிறார்கள். அங்கே முக்கியமாக வளர்ப்பது ஸ்பினோசம் என்ற வகை. அதுதான் அயோட்டா கராகீனனின் மூலம். வளர்ப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். கடல் வற்றும் நேரம் பார்த்து, தலைமுக்காட்டோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, நட்ட குச்சிகளுக்கிடையே கயிறு கட்டி, துண்டு துண்டாகப் பாசியை முடிந்து வளர்க்கிறார்கள். கடல் சூடாவதால் அவர்களின் பயிர் அழிவதும், விலை வெளியே இருப்பவர்களின் கையில் இருப்பதும் தனிக் கதைகள். எமது வட கடலில், கிளிநொச்சி மாவட்டத்தின் வலைப்பாடு போன்ற இடங்களிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த கப்பா வகைப் பாசியைக் கயிற்றில் வளர்த்திருக்கிறார்கள்.

ஸன்ஸிபாரின் ஒரு முஸ்லிம் பெண் முடிந்துவிட்ட பாசி, எங்கோ ஒரு தொழிற்சாலையில் தூளாகி, இன்னொரு நாட்டில் மருந்துத் தோலாகலாம். அந்தப் பெண் தன் ஊர்ப் பாமசிக்குப் போனால் அவருக்குக் கிடைப்பதும் பெரும்பாலும் ஜெலட்டின் கெப்சூல்தான். மூலப்பொருள் எங்களிடம் இருக்கிறது. என்ன செய்வது, எதற்குச் செய்வது என்ற தீர்மானம் வேறிடத்தில் எடுக்கப்படுகிறது.

மாற்று வந்துவிட்டது, பிறகு?

மாற்று இருக்கிறது என்றால் ளரூரத் முடிந்துவிட்டதா? இதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்பவர் விஷயத்தை விளங்கவில்லை என்பேன்.

சத்துக் கெப்சூல்கள் ஒரு பக்கம். மீனெண்ணெய், வைட்டமின் ஈ, வைட்டமின் டி போன்றவை தாவரத் தோலிலும் கிடைக்கின்றன. குளிசையாகவோ சிரப்பாகவோ கிடைப்பவையும் உண்டு. விலை கூடுதலாக இருக்கலாம். எல்லா ஊரிலும் கிடைக்காமல் இருக்கலாம். ஆனால் "வேறு வழியே இல்லை" என்று இங்கே சொல்வது கஷ்டம்.

மறுபக்கம் உயிர் காக்கும் மருந்துகள். சிறுநீரகம் மாற்றியவர் குடிக்கும் சைக்ளோஸ்போரின் போன்ற மருந்தின் தோலை மாற்றுவது சும்மா காரியமில்லை. தோல் மாறினால் மருந்து வயிற்றில் வெளிவரும் வேகம் மாறக்கூடும். உள்ளே இருக்கும் எண்ணெயோடு தோல் எப்படி நடந்துகொள்ளும், எத்தனை மாதம் கெடாமல் இருக்கும் என்பதையெல்லாம் திரும்பச் சோதித்து, அதிகாரிகளிடம் திரும்ப அனுமதி பெற வேண்டும். காப்புரிமை முடிந்த பழைய மருந்துக்கு இந்தச் செலவைச் செய்யக் கம்பனிகள் தயங்குகின்றன. ஆகவே உலகில் மாற்று இருப்பதும் அந்த நோயாளிக்கு மாற்று இருப்பதும் ஒன்றில்லை. சந்தேகத்தின் பேரில் தானாகவே மருந்தை நிறுத்துவது ஆபத்தானது. முதலில் வைத்தியரிடம் கேட்க வேண்டும்: "இது குளிசையா இரிக்கா? சிரப் இரிக்கா?" இந்த இரண்டு கேள்விக்கும் பல சமயம் நல்ல பதில் கிடைக்கும்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தோல் தாவரமானால் உள்ளே இருப்பதும் தாவரம் என்று அர்த்தமில்லை. வைட்டமின் டி3 பெரும்பாலும் செம்மறியாட்டின் உரோமக் கொழுப்பிலிருந்து எடுக்கப்படுகிறது. சில வைட்டமின்களைத் தூளாக்கும்போது கெடாமலிருக்க ஜெலட்டினில் பொதிவார்கள். கிளிசரின் தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம், பிராணிக் கொழுப்பிலிருந்தும் வரலாம். 'வெஜிடேரியன்' என்ற சொல்லை ஹலால் என்ற சொல்லாக அப்படியே மொழிபெயர்க்க ஏலாது.

இதைத் தனித்தனி நுகர்வோரின் தலையில் கட்டாமல் நாடுகளாகக் கையாண்டவர்கள் இருக்கிறார்கள். மலேசியா 2012இல் ஹலால் மருந்துகளுக்கென்றே ஒரு தரநிர்ணயத்தை வெளியிட்டது. இந்தோனேசியாவின் 2014ஆம் ஆண்டுச் சட்டம் மருந்துகளையும் ஹலால் உறுதிப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. ஆனால் உணவுக்குக் கொடுத்ததைவிட மருந்துக்கு நீண்ட கால அவகாசம் கொடுத்தது. மருந்துத் தொழிலின் சிக்கலை விளங்கிக்கொண்டு செய்த ஏற்பாடு அது. நாம் பெரும்பாலும் இறக்குமதி மருந்தில் வாழும் சிறிய சந்தை. அவர்களைப் போல நிபந்தனை போடும் பலம் எமக்கில்லை. 2013இல் ஹலால் இலச்சினையைச் சுற்றிப் புயல் எழுந்தபோதும் உணவுப் பொருள்களைப் பற்றித்தான் பேசினோம். மருந்துப் பெட்டி பேச்சில் பெரிதாக வரவில்லை.

ஆனாலும் ஒன்று கேட்கலாம், அதைக் கேட்பதில் எவருக்கும் சங்கடமும் இருக்காது. ஜெலட்டின் என்று எழுதும் இடத்தில் எதன் ஜெலட்டின் என்று ஒரு சொல் கூட எழுதுங்கள். மாட்டைப் புனிதமாகக் கருதும் இந்து நோயாளிக்கும் மாமிசம் உண்ணாத பௌத்தருக்கும் அந்தச் சொல் வேண்டும். எமது உலமாக்களும் மருந்தாளர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, எந்த மருந்துக்கு மாற்று வடிவம் இந்த நாட்டில் கிடைக்கிறது, எதற்கு இல்லை என்று ஒரு பட்டியலை எடுத்து, ஆண்டுக்கொரு தடவை திருத்தி வெளியிட்டால், "வேறு வழி இல்லாவிட்டால்" என்ற நிபந்தனைக்கு அப்போதுதான் உயிர் வரும். 1986இலும் 1995இலும் சொன்ன தீர்ப்புகள் பிறந்தபோது கராகீனன் தோல் சந்தையில் இருக்கவில்லை. இன்று இருக்கிறது. அந்தத் தகவல் தீர்ப்புச் சொல்பவரின் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

மாற்று எமக்காக வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்வோம். முதலில் காப்புரிமைப் போட்டிக்காக, பிறகு மாட்டு நோய்க்கும் மரக்கறிச் சந்தைக்கும் பயந்தும் ஆசைப்பட்டும் அதைத் தேடினார்கள். கேட்கிறவர்கள் இருந்தால்தான் செய்கிறவர்கள் செய்வார்கள் என்பதை இந்த 190 ஆண்டுக் கதை முழுக்கக் காணலாம்.

பெருநாள் கழிந்து அதே பாமசிக்குப் போனேன். அந்தப் பொடியனிடம் மூத்தம்மா திரும்பி வந்தாரா என்று கேட்டேன்.

"வந்தாங்க. பிறகு அவங்கட மகளும் வந்து கேட்டா. இப்ப நாலஞ்சு பேர் கேக்குறாங்க சேர். எனக்குப் பதில் தெரியா. அதால கம்பனி ரெப் வந்தா நானும் அதையே கேக்குறன்: இந்தத் தோலு என்னத்தால செஞ்ச எண்டு."